53-என் இலக்கப் போத்தலும் ஒரு விஞ்ஞானியின் வாழ்வும்

1902 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி, அன்றைய பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணத்தில், இன்று பாகிஸ்தானின் எல்லைக்குள் அமைந்துள்ள முல்கோவால் என்னும் கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் நோய்க்கெதிரான தடுப்பூசி ஏற்றப்பட்டது. அதற்கான மருந்து ஐந்து போத்தல்களிலிருந்து எடுக்கப்பட்டது. நான்கு போத்தல்களின் மருந்தைப் பெற்ற 88 பேருக்கும் எதுவித தீங்கும் நேரவில்லை. 53-என் என இலக்கமிடப்பட்டிருந்த மற்றைய போத்தலின் மருந்தைப் பெற்ற 19 பேருக்கும் ஒரு வாரம் கழிந்த நிலையில் தாடை இறுகத் தொடங்கிற்று. உடல் வில்லாக வளைந்தது. அந்த 19 பேரும் ஏற்புவலி கண்டு மாண்டுபோயினர். ஒருவர் கூடத் தப்பவில்லை.

அந்தப் போத்தல் பம்பாயின் பரேல் பகுதியிலிருந்த பிளேக் ஆய்வுகூடத்தில் நிரப்பப்பட்டதாகும். அந்த ஆய்வுகூடத்தை ஒரேயொரு அறையிலிருந்து கட்டியெழுப்பியவரும், அதன் பிரதம பணிப்பாளராக இருந்தவரும், அதில் உற்பத்தியான தடுப்பு மருந்தைக் கண்டுபிடித்தவரும் ஒருவரே. அவர் வால்டெமார் மோர்டெக்காய் ஹாப்கின். வாந்திபேதிக்கும் பிளேக்குக்கும் தடுப்பு மருந்து கண்ட அம்மனிதரின் பெயரை இன்று எம்மில் பலர் அறியோம். மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றை நடத்துவது எத்தகைய பொறுப்பு என்பதையும், அங்கு தவறு நேர்ந்ததாகக் கருதப்படும்போது பழி எவர் தலையில் எவ்வாறு இறங்குகின்றது என்பதையும் அவரது வாழ்வைப் போன்று தெளிவாகக் காட்டும் வாழ்வு வேறொன்று இருப்பதாக எமக்குத் தெரியவில்லை.

ஹாப்கின் 1860 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரஷ்யப் பேரரசின் துறைமுக நகரான ஒடெசாவில், யூத வர்த்தகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்றார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், வெண்குருதிக் கலங்கள் கிருமிகளை விழுங்குவதைக் கண்டறிந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகோவ் ஆவார். அது ரஷ்யாவில் யூதர்கள் வீடு புகுந்து தாக்கப்பட்ட காலம். 1881 ஆம் ஆண்டின் கலவரத்தின்போது தற்காப்புக் குழுவில் இணைந்து நின்றமைக்காக ஹாப்கின் கைது செய்யப்பட்டார். மெச்னிகோவ் தலையிட்டதாலேயே அவர் விடுதலையானார். ரஷ்யத் திருச்சபையில் இணைந்தால் பல்கலைக்கழகப் பதவி கிட்டும் என்ற நிலை இருந்தும் அவர் மதம் மாற மறுத்துவிட்டார். 1888 இல் நாட்டை விட்டு வெளியேறி ஜெனீவாவிலும், அடுத்த ஆண்டு பாரிஸிலும் தஞ்சமடைந்தார். பாரிஸின் பாஸ்டர் நிறுவகத்தில் அவருக்குக் கிடைத்த வேலை நூலகப் பணி மாத்திரமே. பகலில் புத்தகங்களை அடுக்கி, எஞ்சிய நேரத்தில் கிருமிகளை ஆராய்ந்த அந்த நூலகர், 1892 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் திகதி தாம் உருவாக்கிய வாந்திபேதித் தடுப்பு மருந்தைத் தமது உடலிலேயே ஏற்றிச் சோதித்தார்.

வைத்தியப் பட்டம் பெறாத ஒருவர், அதுவும் நூலகர், இத்தகைய உரிமை கோரியதை ஐரோப்பாவின் மருத்துவ உலகம் நம்ப விரும்பவில்லை. மருந்தின் பலனை மெய்ப்பிக்க வாந்திபேதி நிலைகொண்டிருந்த நாடொன்று தேவைப்பட்டது. முன்னர் இந்தியாவின் வைஸ்ரோயாக இருந்து அப்போது பாரிஸில் பிரித்தானியத் தூதுவராகப் பணியாற்றிய டப்ரின் பிரபு, வங்காளத்துக்குச் செல்லுமாறு அவருக்கு வழிகாட்டினார். 1893 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஹாப்கின் கல்கத்தா வந்திறங்கினார். அடுத்த இரண்டரை ஆண்டுகளுக்குள் 42,000 க்கும் அதிகமானோருக்கு ஊசி ஏற்றினார். கல்கத்தாவின் சேரிகளில் அவரை நோக்கிக் கற்கள் வீசப்பட்டன. அவரும் அவருடன் சென்ற வைத்தியர்களும் கூட்டத்தின் நடுவே நின்று ஒருவருக்கொருவர் ஊசி ஏற்றிக்காட்டிய பின்னரே மக்கள் முன்வந்தனர். அசாமின் தேயிலைத் தோட்டங்களிலும் அவர் பணியாற்றினார். மலேரியாவால் உடல் நலிந்து 1895 இல் இங்கிலாந்து திரும்பியவர், அடுத்த ஆண்டே மீண்டும் இந்தியாவுக்கு வந்துவிட்டார்.

1896 இன் இறுதிப்பகுதியில் பம்பாயைப் பிளேக் தாக்கியது. இந்நோயின் கிருமி இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் ஹொங்கொங்கில் இனங்காணப்பட்டிருந்தது. எலியிலிருந்து தெள்ளின் வழியாக அது மனிதருக்குத் தாவுகின்றது என்பது அப்போது மருத்துவ உலகால் ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கவில்லை. இலட்சக்கணக்கான மக்கள் நகரை விட்டு ஓடினர். அரசாங்கம் ஹாப்கினை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் அதனையொட்டிய தாழ்வாரமும் அவருக்கு ஒதுக்கப்பட்டன. எழுதுவினைஞர் ஒருவரும் சிப்பந்திகள் மூவரும் வழங்கப்பட்டனர். ஆய்வுகூடப் பயிற்சி பெற்றவர் அவர்களுள் எவருமில்லை. உலகில் மிகுந்த அச்சத்துக்குரிய கிருமியைக் கையாளும் ஆய்வு இந்த ஏற்பாட்டுடன்தான் ஆரம்பமாயிற்று. வேலையின் சுமையாலும் அச்சத்தாலும் உதவியாளர் சிலர் நிலைகுலைந்து விலகிச் சென்றதில் வியப்பில்லை.

ஹாப்கினின் முறையைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியமெனக் கருதுகின்றோம். பின்னர் எழுந்த வழக்கே அந்த முறையின் நுணுக்கங்களைப் பற்றியதாகும்.

தடுப்பு மருந்துக்குப் பெருந்தொகையான கிருமிகளை வளர்த்து, பின்னர் அவற்றைக் கொல்ல வேண்டும். கிருமி வளர்வதற்கு இறைச்சிச் சாறு வேண்டும். ஐரோப்பிய ஆய்வுகூடங்களில் அதற்கு மாட்டிறைச்சி பயன்படுத்தப்பட்டது. அதனைச் செரிக்கச் செய்யும் பொருள் பன்றியின் இரைப்பையிலிருந்து பெறப்படுவதும் உண்டு. ஹாப்கின் இரண்டையும் விலக்கினார். ஆட்டிறைச்சியை ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்துச் சாறு தயாரித்தார். இந்துவும் முஸ்லிமும் மனத்தடையின்றித் தமது உடலில் ஏற்றிக்கொள்ளக்கூடிய மருந்தாக அது அமைய வேண்டும் என்பதே காரணம். மக்களின் சந்தேகத்தை அறியாமை என்று கடிந்து பிரசாரத்தால் வெல்ல முனையாது, ஆய்வுகூடத்தின் குடுவையிலேயே அதற்கு விடை தேடிய அதிகாரிகள் அக்காலத்தில் அதிகம் இருந்ததில்லை. கொவிட் தடுப்பூசிகள் வந்த காலத்தில் அவற்றின் உள்ளடக்கம் பற்றி எம்மவர் மத்தியில் எழுந்த கேள்விகளை நினைவுகூரும் வாசகர்கள் இதன் பெறுமதியை உணர்வர்.

பெரிய குடுவைகளில் இந்தச் சாறு நிரப்பப்பட்டு, அதன் மேற்பரப்பில் சிறிது நெய் மிதக்கவிடப்பட்டது. பிளேக் கிருமிகள் அந்த நெய்த்துளிகளைப் பற்றிக்கொண்டு, ஆலமரத்தின் விழுதுகளைப் போன்று கீழ்நோக்கி வளர்ந்தன. சில நாட்களுக்கு ஒருமுறை குடுவையை அசைத்தால் விழுதுகள் உதிர்ந்து அடியில் தங்கும். நெய்யிலிருந்து புதிய விழுதுகள் இறங்கும். ஆறு வாரங்கள் வரையில் இது தொடரும். இம்முறையால் விளைச்சல் பெருகியது. அதனினும் முக்கியமான பயன் ஒன்றும் இருந்தது. வேறொரு கிருமி உட்புகுந்தால் விழுதின் தோற்றம் மாறிவிடும். பயிற்சி குறைந்த உதவியாளரும் கண்ணாலேயே பார்த்து, குடுவை கெட்டுவிட்டதை அறியலாம். ஆட்பலமும் உபகரணமும் குறைந்த இடத்தில் தவறைத் தவறென உடனே காட்டிக்கொடுக்கும் முறையொன்றை வகுத்தமை அவரது முகாமைத் திறனுக்குச் சான்றாகும். விளைந்த கிருமிகளை 65 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணித்தியாலம் வைத்துக் கொன்று, பாதுகாப்புக்காக நூற்றுக்கு அரைப்பங்கு காபோலிக் அமிலம் சேர்த்து, போத்தல்களில் அடைத்தனர். ஒவ்வொரு போத்தலும் எந்தக் குடுவையிலிருந்து வந்தது என்பதை அதன் இலக்கத்தைக் கொண்டு கண்டறியக்கூடியதாக இருந்தது.

1897 ஜனவரி 10 ஆம் திகதி, பிறகு மற்றையோருக்குக் கொடுக்கப்பட்ட அளவிலும் பலமடங்கு கூடிய அளவை அவர் தமக்குத்தாமே ஏற்றச் செய்தார். காய்ச்சலும் வலியும் கண்டது, தேறினார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் நோய் பரவிக்கொண்டிருந்தபோது, கைதிகளுள் விருப்பம் தெரிவித்தவர்களுக்கு ஊசி ஏற்றப்பட்டது. ஏற்றிக்கொள்ளாதவர்களுடன் ஒப்பிடுகையில் அவர்களிடையே நோய் மிகக் குறைவாகவே காணப்பட்டது. போர்த்துக்கேயரின் ஆட்சியிலிருந்த டாமனில் அதே ஆண்டு பெறப்பட்ட கணக்கு இன்னும் துலக்கமானது. ஊசி ஏற்றாத 6,033 பேரில் 1,482 பேர் பிளேக்கால் மாண்டனர். ஏற்றிய 2,197 பேரில் மாண்டவர்கள் 36 பேர். நூற்றுக்கு 24 க்கும் மேல் ஒருபுறம். நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு மறுபுறம்.

1898 இல் பரோடா சமஸ்தானத்தின் உந்தேரா கிராமத்தில் அவர் மேற்கொண்ட சோதனை இன்றளவும் ஆய்வாளர்களால் பேசப்படுகின்றது. வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு குடும்பத்திலும் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மாத்திரம் ஊசி ஏற்றினார். ஒரே கூரையின் கீழ் ஒரே உணவை உண்டு வாழ்பவர்களிடையே ஒப்பீடு அமைய வேண்டும் என்பதே அவரது எண்ணம். ஏற்றிய 71 பேரில் நோயுற்றோர் 8; மாண்டோர் 3. ஏற்றாத 64 பேரில் நோயுற்றோர் 27, மாண்டோர் 26. கணக்கு என்ற அளவில் அது அப்பழுக்கற்றது. ஆயினும், மருந்தின் பலன் குறித்துத் தாம் ஏற்கனவே உறுதி கொண்டிருந்த நிலையில், ஒரு தாய்க்கு ஏற்றிவிட்டுப் பிள்ளைக்கு ஏற்றாது விட்ட அந்த முடிவை எம்மால் எளிதில் கடந்துசெல்ல முடியவில்லை. இன்றைய ஆய்வு ஒழுக்கவியல் குழு எதுவும் அதற்கு அனுமதி வழங்காது.

அக்காலத்தில் பிளேக்கைத் தடுக்கும் பெயரால் படையினர் வீடுகளுக்குள் நுழைந்து பெண்களைச் சோதனையிட்டதும், குடும்பங்களைப் பிரித்துத் தனிமை முகாம்களில் அடைத்ததும் மக்களைக் கொதிப்படையச் செய்தன. பூனாவின் பிளேக் அதிகாரி ராண்ட் 1897 ஜூன் மாதம் சுடப்பட்டு உயிரிழந்தார். அத்தகைய சூழலில் ஹாப்கினுக்குத் துணைநின்றவர்களுள் முதன்மையானவர் மூன்றாம் ஆகாகான் ஆவார். இஸ்மாயிலி முஸ்லிம்களின் இமாமான அவருக்கு அப்போது இருபது வயதும் நிரம்பியிருக்கவில்லை. மக்கள் முன்னிலையில் தாமே ஊசி ஏற்றிக்கொண்டு, அதனைத் தமது சமூகத்தவருக்கு அறிவித்தார். பம்பாயின் கோஜாக்களில் பெருந்தொகையினர் அவரைப் பின்பற்றினர். ஆய்வுகூடத்துக்கு இடம் போதாதிருந்தபோது தமக்குரிய குஷ்ரு லொட்ஜ் மாளிகையையும் வழங்கினார். ரஷ்யாவிலிருந்து விரட்டப்பட்ட யூதர் ஒருவரின் ஆய்வுகூடம் முஸ்லிம் இமாம் ஒருவரின் மாளிகையில் இயங்க, இந்து, பார்சி, கிறிஸ்தவ வைத்தியர்கள் அங்கு பணியாற்றினர். பின்னாளின் உலகைப் பார்த்துவிட்டு அதனைத் திரும்பி நோக்கும்போது ஏக்கமே மிஞ்சுகின்றது.

1899 ஓகஸ்ட் மாதம் ஆய்வுகூடம் பரேலிலிருந்த பழைய ஆளுநர் மாளிகைக்கு இடம்மாறியது. 1880 களின் தொடக்கத்தில் ஆளுநரின் மனைவி அங்கு வாந்திபேதியால் இறந்ததையடுத்து ஆளுநர்கள் கைவிட்டுச் சென்ற கட்டடம் அது. நான்கு பேருடன் தொடங்கிய பணி ஐம்பதுக்கும் மேற்பட்ட பணியாளரைக் கொண்டதாக வளர்ந்தது. மருந்து இந்தியாவுக்கு வெளியேயும் அனுப்பப்பட்டது.

இவ்விடத்தில் வியன்னாவில் நடந்த சம்பவம் ஒன்றைக் குறிப்பிடுவது பொருத்தமானது. 1897 இல் பம்பாய்க்கு வந்து பிளேக்கை ஆராய்ந்த ஒஸ்திரிய வைத்தியக் குழுவினர், கிருமிகளைத் தம்முடன் வியன்னாவுக்கு எடுத்துச் சென்றனர். 1898 ஒக்டோபரில் அங்குள்ள ஆய்வுகூடத்தில் விலங்குகளைப் பராமரித்த ஊழியர் ஒருவருக்கு அக்கிருமி தொற்றியது. அவர் இறந்தார். அவரைப் பராமரித்த தாதி இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் ஹேர்மன் முல்லரும் இறந்தார். பம்பாயின் நோயாளர் விடுதிகளில் நடமாடியும் தப்பிய முல்லரை, ஐரோப்பாவின் சிறந்த நகரமொன்றின் ஆய்வுகூடத்திலிருந்து வெளிவந்த கிருமி கொன்றது. ஆய்வுகூடத்தில் ஆபத்து எப்போதும் விஞ்ஞானியின் மேசையில் ஆரம்பிப்பதில்லை. கூடுகளைக் கழுவுபவர், கண்ணாடிக் குழாய்களைத் துடைப்பவர், தக்கையைத் திறப்பவர் ஆகியோரின் கைகளிலேயே அது பெரும்பாலும் ஆரம்பிக்கின்றது. அவர்களுக்கு என்ன கற்பிக்கப்பட்டது, அவர்களை எவர் கண்காணித்தார் என்ற கேள்விகளே வியன்னாவிலும் முல்கோவாலிலும் எழுந்தன.

இனி முல்கோவாலுக்கு வருவோம். 1902 இல் பஞ்சாப் அரசாங்கம் மாகாணம் முழுவதிலும் பாரிய அளவில் தடுப்பூசி ஏற்றத் தீர்மானித்தது. பரேல் ஆய்வுகூடம் அதுவரை கண்டிராத தொகை மருந்து குறுகிய காலத்துக்குள் கோரப்பட்டது. ஆறு வாரங்கள் குடுவையில் வளர்த்து அத்தொகையைக் கொடுக்க இயலாது. எனவே ஹாப்கின் உற்பத்தி முறையை மாற்றினார். சாற்றுக்குப் பதிலாக, விரைவில் விளைச்சல் தரும் அகார் ஊடகத்தில் கிருமிகள் வளர்க்கப்பட்டன. காபோலிக் அமிலம் சேர்ப்பதும் கைவிடப்பட்டது. பாஸ்டர் நிறுவகத்திலும் அதனைச் சேர்க்காது மருந்து தயாரிக்கப்பட்டதை அவர் ஆதாரமாகக் கொண்டார். வெப்பத்தால் கிருமி நீக்கம் செய்தால் அமிலம் தேவையில்லை என்பது அவரது நிலைப்பாடு. விஞ்ஞான ரீதியில் அதில் பிழை காண்பது கடினம். ஆயினும் கேள்வி இரசாயனத்தோடு நின்றுவிடவில்லை. ஆய்வுகூடத்தின் மேசையில் தேவையற்றதாகத் தோன்றும் பாதுகாப்பொன்று, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், புழுதி பறக்கும் கிராமத்து முற்றத்தில் போத்தல் திறக்கப்படும்போது என்ன பயன் தரும் என்பதையும் பணிப்பாளர் எண்ண வேண்டும். மேலதிகாரிகளின் ஒப்புதலைப் பெறாது, அதுவும் கேள்வி உச்சத்திலிருந்த வேளையில், நிலைபெற்ற முறையொன்றை அவர் மாற்றியதை நாம் முற்றாக நியாயப்படுத்த மாட்டோம்.

ஏற்புவலிக் கிருமியின் வித்திகள் மண்ணிலும் சாணத்திலும் வாழ்பவை. கொதிநீரைக் கூடத் தாங்கவல்லவை. காற்றுப்புகாத இடத்திலேயே அவை பெருகி நஞ்சைக் கக்கும். அத்தகைய வித்தி 53-என் போத்தலுக்குள் எப்போது நுழைந்தது? பரேலில் நிரப்பப்பட்டபோதா, அல்லது முல்கோவாலில் திறக்கப்பட்டபோதா? பம்பாயின் பிரதம நீதியரசர் சேர் லோரன்ஸ் ஜென்கின்ஸின் தலைமையில், மருத்துவ அதிகாரிகள் இருவரையும் உள்ளடக்கி அமைக்கப்பட்ட விசாரணை ஆணைக்குழு, போத்தல் திறக்கப்படுவதற்கு முன்னரே மாசடைந்திருந்தது என்ற முடிவுக்கு வந்தது. காபோலிக் அமிலத்தை விலக்கியதையும் கண்டித்தது. பழி முழுவதும் பரேலின் மீதும், அதன் பணிப்பாளரின் மீதும் விழுந்தது. ஹாப்கின் பதவியிலிருந்து நிறுத்தப்பட்டு, 1904 இல் இந்தியாவை விட்டு லண்டன் சென்றார்.

ஆனால் ஆணைக்குழுவின் முன் வைக்கப்பட்ட சாட்சியங்களிலேயே வேறொரு கதை இருந்தது. போத்தலின் தக்கையைப் பிடுங்கும் சாவணம் அன்று காலை உதவியாளரின் கையிலிருந்து நிலத்தில் விழுந்திருக்கின்றது. விதிமுறையின்படி அதனைத் தீச்சுவாலையில் பிடித்துக் கிருமி நீக்கம் செய்திருக்க வேண்டும். அவரோ காபோலிக் கரைசலில் அதனை அலசிவிட்டு, 53-என் போத்தலின் தக்கையைத் திறந்திருக்கின்றார். அக்கரைசல் ஏற்புவலியின் வித்தியைக் கணநேரத்தில் கொல்லக்கூடியதன்று. மண்ணில் விழுந்த சாவணமும், மண்ணில் வாழும் கிருமியும் ஆணைக்குழுவின் கண்முன்னே ஒன்றாகக் கிடந்தும், அதற்கு உரிய எடை கொடுக்கப்படவில்லை.

லண்டனின் லிஸ்டர் நிறுவகத்திடம் கருத்துக் கேட்கப்பட்டது. போத்தலில் எந்தக் கட்டத்தில் மாசு கலந்தது என்பதை நிர்ணயிக்க இயலாது என்பதே அதன் கருத்து. அவ்வாறாயின் ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்தவும் இயலாதல்லவா? ஆயினும் அரசாங்கம் தன் நிலைப்பாட்டை மாற்றவில்லை. ஆவணங்கள் பல ஆண்டுகள் வெளிவராதிருந்தன. 1906 ஆம் ஆண்டின் முடிவை அண்டியே அவை பகிரங்கப்படுத்தப்பட்டன.

அவற்றை வரிவரியாகப் படித்தவர்களுள் ஒருவர், மலேரியா நுளம்பினால் பரவுவதை நிறுவி 1902 இல் நோபல் பரிசு பெற்ற றொனால்ட் றொஸ். இந்திய மருத்துவ சேவையில் இருந்தவராதலால் அதன் உள்விவகாரங்களை அவர் நன்கறிவார். வைத்தியரல்லாத, ஆங்கிலேயரல்லாத ஒருவர் அச்சேவையின் மிகப் பெரிய ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கியதைப் பலர் விரும்பவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். 1907 இல் லண்டனின் டைம்ஸ் பத்திரிகையிலும் மருத்துவச் சஞ்சிகைகளிலும் அவர் தொடர்ந்து எழுதினார். அவரது வாதங்கள் எளிமையானவை. வித்தி பரேலிலேயே நுழைந்திருப்பின், வாரக்கணக்கில் மூடிய போத்தலுக்குள் பெருகி, திறந்தவுடனேயே துர்நாற்றம் வீசியிருக்கும். அவ்வாறு எதுவும் உணரப்படவில்லை. ஊசி பெற்றவர்கள் விரைவிலேயே நோயுற்றிருப்பர்; ஆனால் ஒரு வாரம் கழிந்தே நோய் தோன்றியது. அதே குடுவையிலிருந்து நிரப்பப்பட்ட ஏனைய போத்தல்கள் எவருக்கும் தீங்கு செய்யவில்லை. இந்த இறுதி வாதத்தை முன்வைக்க முடிந்தமைக்குக் காரணம் பரேலில் பேணப்பட்ட பதிவேடுகளே என்பதைக் கவனித்தல் தகும். ஹாப்கினைப் பழியிலிருந்து மீட்டதில் அவரது ஆய்வுகூடத்தின் இலக்கமிடும் முறைக்கும் பங்குண்டு.

அதே ஆண்டு ஜூலை மாதம், றொஸ்ஸுடன் சேர்த்துப் பத்து முன்னணி விஞ்ஞானிகள் கையொப்பமிட்ட கடிதம் டைம்ஸில் வெளியானது. பிரான்ஸில் பொய்க் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்ட யூதப் படையதிகாரி டிரைபஸ் விடுவிக்கப்பட்டு ஓராண்டே கடந்திருந்தது. ஹாப்கினின் விவகாரத்தைச் சிறிய டிரைபஸ் வழக்கு என்று பலர் அழைக்கலாயினர். பிரித்தானிய நாடாளுமன்றத்திலும் கேள்விகள் எழுந்தன. 1907 நவம்பரில் அவர் மீதான பழி நீக்கப்பட்டு மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார்.

இதற்கிடையில் பஞ்சாப்பில் நடந்ததை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. முல்கோவாலின் செய்தி காட்டுத்தீயாகப் பரவியதும் மக்கள் ஊசிக்கு அஞ்சினர். தடுப்பூசித் திட்டம் சரிந்தது. அப்பத்தாண்டில் அம்மாகாணத்தில் மாத்திரம் பிளேக்கால் மாண்டோர் தொகை சுமார் 20 இலட்சம். அவர்களுள் எத்தனை பேர் ஊசியால் பிழைத்திருப்பர் என்று எவராலும் கணக்கிட முடியாது. 53-என் போத்தலுக்கு இரையான அந்த 19 பேரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். ஹாப்கினைக் குற்றஞ்சாட்டியவர்களும் அவருக்காக வாதாடியவர்களும் ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதினர். அவற்றில் அந்தப் போத்தலின் இலக்கம் பன்முறை இடம்பெற்றுள்ளது. அந்தக் கிராமத்தவர்களோ வெறும் தொகையாகவே நிற்கின்றனர். சாவணத்தைத் தவறவிட்ட உதவியாளர் முறையான பயிற்சி பெற்றிருந்தாரா, நாளொன்றுக்கு எத்தனை கிராமங்களுக்கு அவர் அலைய நேர்ந்தது என்ற வினாக்களும் அந்த வாதங்களில் முதன்மை பெறவில்லை. பணிப்பாளரா உதவியாளரா என்று ஆள் தேடிய பொழுதில், இலட்சக்கணக்கான ஊசிகளை ஒரு குளிர்காலத்துக்குள் ஏற்றிமுடிக்க வேண்டும் என்று கட்டளையிட்டவர்களை எவரும் கூண்டில் ஏற்றவில்லை.

இந்தியா திரும்பிய ஹாப்கினுக்குப் பரேல் மீண்டும் கிடைக்கவில்லை. அங்கு வேறொருவர் பணிப்பாளராகியிருந்தார். கல்கத்தாவில் உயிரியல் ஆய்வுகூடம் ஒன்று அவருக்கு ஒப்படைக்கப்பட்டது. அதில் தடுப்பு மருந்து உற்பத்திக்கு வசதியில்லை. வாந்திபேதிக்குக் கொல்லப்பட்ட கிருமிகளைக் கொண்ட புதிய மருந்தொன்றைச் சோதிக்க அவர் விரும்பியும், மனிதரில் அதனைப் பரீட்சிக்க அனுமதி வழங்கப்படவில்லை. விடுவிக்கப்பட்டவரை நம்ப மறுப்பது எல்லா நாட்டு நிர்வாகங்களுக்கும் உள்ள பழக்கமே. முதல் மகாயுத்தம் தொடங்கிய காலப்பகுதியில் அவர் ஓய்வுபெற்று இந்தியாவை விட்டு நீங்கினார். 1914 இல் பிளேக் எமது கொழும்பு நகரையும் எட்டியிருந்தது.

எஞ்சிய வாழ்நாளை அவர் பாரிஸிலும் சுவிற்சர்லாந்திலும் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. இளமையில் புரட்சிகரக் குழுக்களுடன் திரிந்தவர், முதுமையில் தமது மார்க்கத்தின் அனுஷ்டானங்களை ஆழ்ந்த பற்றுடன் கடைப்பிடிப்பவராக மாறினார். 1925 இல் பரேல் ஆய்வுகூடத்துக்கு ஹாப்கின் நிறுவகம் எனப் பெயர் சூட்டப்பட்டது. பம்பாய் இன்று மும்பாயாகிவிட்டபோதிலும் அந்நிறுவகம் அதே பெயருடன் அங்கு இயங்குகின்றது. 1964 இல் இந்திய அரசாங்கம் அவரது உருவம் பொறித்த தபால்முத்திரையையும் வெளியிட்டது.

அவர் 1930 ஆம் ஆண்டு ஒக்டோபர் 26 ஆம் திகதி லொசான் நகரில் காலமானார். தமது சேமிப்பைக் கொண்டு அதற்கு முந்திய ஆண்டில் நிதியம் ஒன்றை நிறுவியிருந்தார். கிழக்கு ஐரோப்பாவின் யூத மதக் கலாசாலைகளுக்கு உதவுவது அதன் நோக்கமாகும். அக்கலாசாலைகள் வேதத்துடன் விஞ்ஞானத்தையும் கற்பிக்க வேண்டும் என்று அவர் விதித்திருந்தார்.